பூசைக்குப் போகாத திராட்சை ரசம்

யுத்தத்தால் கப்பல் நின்றுபோய், பூசைக்கு வர வேண்டிய சீமைத் திராட்சை ரசமும் வரவில்லை. பங்குச் சாமியார் உபதேசியாரான என்னைக் கறம்பக்குடிக்கு அனுப்பினார். அங்கே ஒல்லியான ஒருவர் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, வீட்டிலேயே ரசம் இறக்கி விற்றுவந்தார். பேச்சுக்கு நடுவே ஜாடியைத் திறந்து திறந்து மோந்து பார்ப்பார்.

மூன்று முறை போனேன். மூன்று முறையும், "இன்னும் ஆகலைங்க" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பொறுமையிழந்து, "இருக்கிறத ஊத்துங்க, நாளைக்குப் பூசை!" என்று கத்தினேன்.

மோந்தார். "புளிச்சுக் காடியாயிருச்சுங்க உபதேசியாரே. இதை எப்படிப் பீடத்துல வைக்கிறது?" என்றவர், அத்தனையையும் வாய்க்காலில் கொட்டிவிட்டார்.

ஜாடியை வழித்து நக்கிப் பார்த்தேன். என் நாக்குக்குக் குறையே தெரியவில்லை.

பக்கத்துப் பங்கில் இரவல் வாங்கிப் பூசை முடிந்தது. மறு வருஷம், "வேற ஆளைப் பார்ப்போமா?" என்று சாமியார் கேட்டபோது, கோபம் தீராத நான்தான், "வேண்டாம், அவரே இருக்கட்டும்" என்றேன்.