ஃபுலர் என்ற குடும்பப் பெயர்

நான் சொன்ன ஒரு பொய் இது.

தர்மபுரத்தில் பக்கத்து வீட்டு மாமியின் மகன், லண்டனில் மணந்த வெள்ளைக்கார மனைவியுடன் வந்திருந்தான். அவன் கடைக்குப் போனபோது மாமிக்கும் மருமகளுக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

"ஃபுலர் எண்டது இவவின்ர குடும்பப் பேராம். என்ன ஆக்கள் எண்டு கேளும் பிள்ளை," என்றார் மாமி. சாதியைத்தான் அப்படிக் கேட்டார்.

மருமகள் உற்சாகமாக விளக்கினாள். அந்தக் காலத்தில் கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து அழுக்கு எடுத்தவர்களின் பெயராம். அவளுடைய முன்னோர் செய்த வேலையாம். எழுந்து மிதித்தும் காட்டினாள். என் மூன்று வயது மகளும் மடியிலிருந்து இறங்கி அவளுடன் சேர்ந்து மிதித்தாள்.

புளியங்குளத்தில் என் அப்பா ஊராரின் துணி வெளுப்பவர். இங்கே அது யாருக்கும் தெரியாது.

"துணி வியாபாரக் குடும்பமாம், மாமி."

"பிறகேன் குதிக்கிறா?"

"சந்தோசத்தில."

"அப்ப நல்ல ஆக்கள்தான்," என்று மாமி நிம்மதியானார். மருமகள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

அவள் பெருமையாகச் சொன்னதை, அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தா மறைத்தேன்? எனக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வருடம் மகள் முன்பள்ளிக்குப் போவாள். அம்மப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லித்தர இன்னும் துணிவு வரவில்லை. பொய்யைச் சொல்லித்தரவும் மனம் வரவில்லை.