விரதக்காரி சாப்பிட்டாள்

அம்மாக்கண்ணு இட்லியைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனபோது வேலம்மா தட்டையே இழுத்துக்கொண்டாள்.

"அடிப் பாவி! இன்னிக்கு செவ்வாக்கெழமைடி! ஆத்தா வெரதம்!"

அம்மாக்கண்ணு மறக்கவில்லை. அந்தத் துண்டை வாய் வரை கொண்டுவரத்தான் விடிந்ததிலிருந்து முயன்றுகொண்டிருந்தாள். வேலம்மா அவள் விரல்களைப் பிரித்து அதையும் எடுத்தாள். வீணாகக் கூடாது என்று தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"எக்கா, டிஸ்பென்சரி டிரெசர் சாப்பிடச் சொல்லிருக்காருலா."

"டிரெசரு மலையாளத்தாரு. நம்ம ஆத்தாவப் பத்தி அவருக்கு என்னா தெரியும்?" இட்லியை மென்றபடி சொன்னாள். "சட்னியில உப்பு கம்மி தங்கச்சி."

ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் இருவரும் கொழுந்து எடுத்தார்கள். லயத்து வரிசையில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அம்மாக்கண்ணுவின் கணவன் நாகப்பன் லோரி ஓட்டினான். அந்த லோரியில்தான் எல்லாம் தொடங்கியது. அவனுக்கு லைசென்ஸ் கிடைக்க வேண்டும் என்று எழுபத்தாறாம் வருஷம் அவள் தீமிதிக்கு நேர்ந்துகொண்டு விரதம் இருந்தாள். லைசென்ஸ் கிடைத்தது. தீ மிதித்தாள். மற்றவர்கள் விரதம் முடித்து ஆட்டுக்கறி தின்றார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காதது அவளுக்குப் பிடித்திருந்தது. துரை, கிராணி, கங்காணி, புருஷன் என்று எல்லோர் சொல்லையும் கேட்டு வளர்ந்தவள். அவள் சொன்னதைக் கேட்ட முதல் ஆள் அவளுடைய வயிறுதான்.

சாப்பிடாதவளை ஏன் என்று கேட்பார்கள். விரதக்காரியை யாரும் கேட்பதில்லை. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் மாரியம்மனுக்கு, வெள்ளியும் மாரியம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. இடையில் இருந்த நாட்களை முருகனும் பிள்ளையாரும் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குச் சாமி கிடைக்கவில்லை. முனியாண்டிக்குக் கொடுத்தாள். சேவலும் சுருட்டும் சாராயமும் கேட்கிற சாமிக்குப் பட்டினி விரதம் இருந்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

நாகப்பன் எதிரில் உட்கார்ந்து மிரட்டினால் தின்பாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள்.

அப்புறம் பயம் வந்தது. கொழுந்துக் கூடையை நிறுக்கும்போது தன்னையே நிறுக்கிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பயமும் விட்டுப்போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பாள். தலை வாரக்கூடத் தோன்றாது. டவுனில் ஒரு மருந்துக்கடையில் கறுப்பாக ஓர் இருமல் மருந்து விற்றார்கள். அதைக் குடித்தால் பசியும் பயமும் சேர்ந்து தூங்கும். முதலில் ராத்திரிக்கு மட்டும், பிறகு வேலைக்குப் போகுமுன், பிறகு தேயிலை நிரையில் நின்றபடியே. அவளுக்கு இல்லாதது இருமல் மட்டும்தான். ஆகவே கடைக்குள் நுழைந்ததும் இருமினாள். கடைக்காரன் சந்தேகப்படுவானோ என்று போகப்போக ஊக்கமாக இருமினாள். வழியிலேயே ஒத்திகையும் பார்த்தாள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருந்தது.

எழுபத்தொன்பதில் ஒருநாள் தேயிலைக்கு நடுவே சுருண்டு விழுந்தாள். சாமி வந்துவிட்டது என்று கங்காணி சுப்பன் கற்பூரம் தேடினான். அவள் மயக்கத்தில் எதையோ முனகினாள். அது நாலு எண்கள் என்று சுப்பன் முடிவு செய்தான். தோட்டத்தின் மருத்துவ உதவியாளரான டிரெசர் ராதாகிருஷ்ணன் வந்து அவளைத் தூக்கி மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்த வார நாலு நம்பர் லாட்டரியில் சுப்பன் கட்டிய எண் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த இருமல் மருந்தை நிறுத்தினார்கள். நடுங்கினாள், வியர்த்தாள், சுவரில் எறும்பு ஊர்கிறது என்று அழுதாள். பிறகு கொஞ்சம் தூங்கினாள். டாக்டர் சொன்னதை, அழைத்துப்போக வந்த டிரெசர் சுருக்கித் தமிழில் சொன்னார்.

"இன்னொரு தடவ விழுந்தா எந்திரிக்க மாட்ட. மூணு வேளையும் யாராவது ஒருத்தர் முன்னால உக்காந்து சாப்பிடணும். சாப்பிட்டுட்டு எந்திரிச்சு ஓடக்கூடாது. அங்கயே உக்காந்து பேசிக்கிட்டிருக்கணும்."

"என்னா பேசறதுங்கய்யா?"

"யாரையாவது திட்டு. நேரம் போறதே தெரியாது."

விரதக்காரிமேல் சாமி இறங்கி நம்பர் சொன்னது என்று, அவள் தோட்டத்துக்குத் திரும்பியபோது வீட்டு வாசலில் தேங்காய் உடைத்திருந்தார்கள். நாகப்பன் விடியுமுன்னே லோரியோடு போய்விடுவான். அதனால்தான் வேலம்மாவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்திருந்தாள். இட்லி போன கதை அப்படி.

அம்மாக்கண்ணு டிஸ்பென்சரிக்குப் போனாள்.

"சாப்பிட விடமாட்றாங்கய்யா."

"யாரு?"

"எல்லாருந்தான்."

ராதாகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சுப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"சுப்பா, அவ நோயாளி."

"இருக்கட்டுங்கய்யா. நோயாளிமேல சாமி எறங்கக்கூடாதுன்னு இருக்கா?"

"இப்படியே விட்டா செத்துப்போவா."

"செத்தா சக்தி இன்னும் ஜாஸ்திலா," என்று சொல்லிவிட்டு, அவள் அங்கேயே நிற்பதைப் பார்த்து சுப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அன்னதானம். சாமிக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லி அம்மாக்கண்ணுவுக்குப் பலகை போட்டிருந்தார்கள். அவள் பலகையைத் தாண்டிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அம்மனிடம் பயமில்லை. இலையில் விழுந்த சோற்றைத்தான் விரலால் தொட்டுத் தொட்டுக் கையை எடுத்தாள்.

பந்தி முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்தியது.

"நான் ஒரு வெரதமும் இருக்கல," என்றாள். "எனக்குச் சோறுன்னா பயம். சாமி பேர சும்மா சொன்னேன்."

"அப்ப நம்பரு?" என்றான் சுப்பன்.

"நான் சொல்லல. நீயா கட்டுன."

சோற்றை உருட்டி வாயில் வைத்தாள். நெடுநேரம் மென்றாள். விழுங்கினாள். அடுத்த உருண்டையை எடுத்தபோது சுப்பன் தன் இலையை விட்டு எழுந்து அவள் எதிரில் வந்து குந்தினான். உதடு அசைந்தது.

"என்னாண்ணே எண்ணுற?" என்றாள் வேலம்மா.

"சாமி அவ வாயாலயே வெரதத்த முடிக்கிது. சோறு எத்தன உருண்ட, வட எத்தன, அப்பளம் எத்தன, பாயசம் எத்தன மடக்கு? நாலு நம்பரு. புரியுதா?"

பந்திக்குப் புரிந்தது. எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அவள் அப்பளத்தை உடைத்ததும் சண்டை வந்தது. உடைத்தால் இரண்டா, ஒன்றா? ஒன்றுதான் என்று நாகப்பனே கத்தினான். சண்டையில் அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பாயசம் வரை வந்துவிட்டாள்.

உடனே கொல்லைப்பக்கம் போகவேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. கையை ஊன்றி எழுந்தாள்.

"பிடி, பிடி!" என்று சுப்பன் அலறினான். "வெளிய வந்துச்சுன்னா நம்பரு போச்சு!"

வேலம்மா அவளை இழுத்து உட்காரவைத்துத் தோளை அழுத்திக்கொண்டாள். நாகப்பன் மறுபக்கம் உட்கார்ந்தான். அம்மாக்கண்ணுவுக்கு வியர்த்துக் கொட்டியது. டிரெசர் சொன்னது நினைவுக்கு வந்தது. சுப்பனைத் திட்டத் தொடங்கினாள். அவன் நிறுவையில் தள்ளும் எடை, அவன் மீசை, அவன் அம்மா என்று வரிசையாகப் போனாள். சுப்பன் கைகட்டிக் கேட்டுக்கொண்டான். இலைகளை எடுத்துப் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை அவள் திட்டினாள். சாப்பாடு உள்ளேயே இருந்தது.

மறுநாள் ஞாயிறு. நம்பர் விழவில்லை. சுப்பன் அவள் வீட்டைத் தாண்டும்போது தேயிலைப் பக்கம் பார்த்துக்கொண்டு போனான். வேலம்மா வந்து கொஞ்சம் சீனி கேட்டாள், வாங்கிக்கொண்டு போனாள். அம்மாக்கண்ணு காலையில் ரொட்டி தின்றாள். மத்தியானம் கஞ்சியைப் பாதி குடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். வந்து அழுதாள். நாகப்பன் மீதிக் கஞ்சியைச் சூடாக்கினான். சாயங்காலம் அதைக் குடித்தாள். மழை பெய்தது.