வராத ஆளுக்கு மிஷின் ஆள் எடுக்கும்

கோல், ஃபக்ஸ், கொம்பியூட்டர் எண்டு ஒரு கொமியூனிகேஷன் கடை நடத்துறது எண்டால், ஊரில உள்ள எல்லாற்ற கவலையையும் கேட்டுப்போட்டு மிச்சக்காசும் எண்ணிக் குடுக்கிற தொழில். நீங்களும் அப்பிடி ஒரு கடை வைச்சிருந்த ஆள் எண்டால் நான் விளக்கத் தேவையில்லை, ஒரு பெருமூச்சை விட்டுப்போட்டுப் பக்கத்தில வந்து இருங்கோ.

என்ர கடை வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடற்கரைக்கு இறங்கிற ஒழுங்கை ஒண்டில. மனுசன் கப்பல்ல வேலை. கடை என்ர தலையில. உப்புக்காத்துக்குக் கொம்பியூட்டர் பெட்டியெல்லாம் துருப்பிடிக்கும். கடற்கரைத் தண்டவாளத்தில கோச்சி போனால் மேசை ஆடும். யுத்த காலம், சுத்திவர லொட்ஜுகள், லொட்ஜ் நிறைய விசாவுக்குக் காத்திருக்கிற சனம். காத்திருக்கிற சனத்துக்குப் பொழுது போகவேணுமே. அப்பிடித்தான் பேஸ்போல் எண்ட சனியன் என்ர கடைக்குள்ள வந்தது.

பதவி தேடி வந்தது

என்ர கடையில விளையாடி விளையாடியே விசா கிடைச்சுப் போன பொடியள் ரொறன்ரோவில ஒரு லீக் தொடங்கினாங்கள். எல்லாம் கொம்பியூட்டருக்குள்ளதான். நீங்கள் ஒரு பேஸ்போல் டீமுக்கு மனேஜர். ஆரை எடுக்கிறது, ஆரை எங்க நிப்பாட்டுறது, ஆரை வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் உங்கட முடிவு. ஓடி விளையாடுறதை மிஷின் பார்த்துக்கொள்ளும். பாதி டீம் அங்க, பாதி டீம் இங்க. இங்கத்தைப் பாதிக்கு என்னைக் கமிஷனர் ஆக்கிப்போட்டாங்கள். சம்பளமில்லாத வேலைக்கு என்னை விட்டால் வேற ஆர் அம்பிடுவினம்?

வருசத்தில பெரிய நாள் ட்ராஃப்ட் நாள். அண்டைக்குப் புதுப் பொடியள் கொஞ்சப் பேரை மிஷின் தானே உண்டாக்கி, ரொறன்ரோப் பொடியள் ஏத்திவிட்ட தமிழ்ப் பேர், வயசு, எந்தக் கை எண்டு லிஸ்ட் போட்டுத் தரும். டீமுகள் முறை வைச்சு ஒவ்வொருத்தனாய் எடுக்கவேணும். கடைசியா வந்த டீமுக்கு முதல் சொய்ஸ், கப் அடிச்ச டீமுக்குக் கடைசிச் சொய்ஸ். எடுத்தவனோட பிறகு ஒப்பந்தம் எழுதவேணும், எழுதாட்டில் அவன் அடுத்த வருச லிஸ்டுக்குத் திரும்பிப் போயிடுவான். உங்கட முறை வரேக்க நீங்கள் கதிரையில இல்லையோ, மிஷின் ஒரு நிமிசமும் பாக்காது, இருக்கிறதுக்குள்ள திறமான ஒருத்தனைத் தானே எடுத்து உங்கட தலையில கட்டிப்போடும்.

இதையெல்லாம் நான் தொண்டைத்தண்ணி வத்த விளங்கப்படுத்தி முடிய, கொட்டாஞ்சேனையில இருந்து வாற அன்ரன் கையைத் தூக்கினார். துறைமுகத்தில கிளார்க். சிங்களம் தண்ணிபட்ட பாடு. எதுக்கும் ஒரு கதை சொல்லாமல் அந்த மனுசனுக்குச் சாப்பாடு இறங்காது.

"இவ்வளவு நேரமும் நீ கதைச்சது எங்கட ஊரில மட்டையால பந்தை அடிச்சுப்போட்டு ஓடுற எல்லேயைத்தானே ரஞ்சி? வெள்ளைக்காரன் தொப்பி போட்டு விளையாடுறான், அவ்வளவுதான்!"

தோக்கிறதுக்குப் பட்ட பாடு

கடைசியா வந்தால் முதல் சொய்ஸ் எண்ட ஒரு விதியை மட்டும் அன்ரன் கெட்டியாய்ப் பிடிச்சுக்கொண்டார். அந்த வருசம் பூரா மனுசன் வேணுமெண்டே தோத்தார். நல்லா எறியிறவனை வாங்கில இருத்தினார், அடிக்கத் தெரியாதவனை முன்னுக்கு அனுப்பினார். ஒவ்வொரு தோல்விக்கும் எனக்குப் பிளேன்ரீ வாங்கித் தந்தார். அப்பிடித் தோக்கிறதுக்கு அவர் பட்ட பாட்டில பாதியைப் பட்டிருந்தால் கப் அடிச்சிருப்பார்.

ரொறன்ரோப் பொடியள் இவரைவிட எமகாதகர். ட்ராஃப்டுக்கு முதல் நாள் புது விதி ஒண்டு வந்தது: கடைசி மூண்டு டீமுக்கும் சீட்டுக் குலுக்கித்தான் முதல் சொய்ஸ். குலுக்கினதில அன்ரனுக்கு மூண்டாவது இடம். எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் கிடந்தது. மனுசன் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாதாவே, நேர்மையாத் தோக்கிறவனுக்கும் இந்த உலகத்தில இடமில்லையா?"

நானாவின்ர யாவாரம்

நிஸாம் நானாவுக்குக் காலி வீதியில ஃபான்சிக் கடை. என்ர கடைக்கு வந்தது ஃபக்ஸ் அனுப்ப. ஃபக்ஸ் லைன் கிடைக்கிறதுக்கிடையில ஒரு டீமுக்கு முதலாளி ஆகிட்டார். அவருக்கு விளையாட்டில துளி அக்கறை இல்லை. ஆளை எடுத்து ஆளை மாத்திறதில மட்டும்தான் கண்.

ஒரு ட்ராஃப்டில மலை மாதிரி ஒருத்தனை எடுத்தார், எடுத்த கையோட அன்ரனிட்ட மாத்திப்போடலாம் எண்டு. மிஷின் விடேல்லை. புதுசா எடுத்தவனை ஒரு சீசன் போகும்வரை ஆருக்கும் குடுக்கேலாது எண்டு சிவப்பு எழுத்தில காட்டினது. "சரி, அப்ப என்ட அடுத்த முறைய விக்கிறன்" எண்டார். முறையையும் விக்கேலாது நானா எண்டு சொன்னன். நானா குடையைத் தூக்கிக் கக்கத்தில வைச்சார்.

"வாங்கின சாமான அன்டைக்கே விக்க ஏலாட்டி அது என்ன யாவாரம் தங்கச்சி? அது கலியாணம்!"

மட்டுவில் கத்தரிக்காய்

தில்லையம்பலம் ஐயா கத்தரிக்காய்க்குப் பேர்போன மட்டுவில் ஆள். பக்கத்து ஒழுங்கை லொட்ஜில தனிய இருந்தார். மனிசி செத்துப் போச்சு. ஒரே மகன் சுதன் ரொறன்ரோவில. ஸ்பொன்சர் பண்ணினது அவன்தான், ஆனால் ரெண்டு பேருக்கும் கதை இல்லை. தாய் செத்த நேரம் அவனுக்கு அங்க பேப்பர் சரிவரேல்லை, வரமுடியேல்லை. இவர் ரெலிபோனில, "கொள்ளி வைக்க வராதவன் எனக்குப் பிள்ளையில்லை" எண்டு சொல்லிப்போட்டார். என்ர கடை ரெலிபோனில, என்ர காதுபடச் சொன்ன சொல்லு. அதுக்குப் பிறகு அவன் போர்ம் அனுப்புவான், காசு அனுப்புவான், கோல் எடுக்கமாட்டான். இவரும் எடுக்கமாட்டார். பிடிவாதத்தில ரெண்டும் ஒரே அச்சு.

சுதனுக்கும் அந்த லீக்கில ஒரு டீம் இருக்கெண்டு ஆரோ ஐயாவிட்டச் சொல்லிப்போட்டினம். அடுத்த நாள் காலமையே வந்து நிண்டார், "எனக்கும் ஒண்டு தா பிள்ளை" எண்டு. டீமுக்கு மட்டுவில் கத்தரிக்காய் எண்டு பேர் வைச்சார். ட்ராஃப்டில ஒரு கண்ணாடியைக் கழட்டி மற்றக் கண்ணாடியைப் போட்டு லிஸ்டை மேலயும் கீழயும் பார்ப்பார். இடக்கையனை மட்டும்தான் எடுப்பார். பேஸ்போலில பந்து பிடிக்க நிக்கிற சில இடத்துக்கு இடக்கையன் சரிவராது, மிஷினே சிவப்பு விளக்குப் போட்டுக் கத்தும். ஐயா காதிலயும் போடமாட்டார். ஒருதரம் கை தவறி வலக்கையன் ஒருத்தனை அமத்திப்போட்டார். அவனோட ஒப்பந்தம் எழுதவே மாட்டன் எண்டு திருப்பி அனுப்பிப்போட்டார். டீம் எல்லாரிட்டையும் அடி வாங்கினது. சுதன்ர டீமிட்ட ஆகக் கூட.

பொறுக்கேலாமல் ஒருநாள் கேட்டுப்போட்டன், ஐயா, ஏன் இந்தப் பிடிவாதம் எண்டு. அவர் லிஸ்டில இருந்து கண்ணை எடுக்கேல்லை.

"சுதனுக்கு இடக்கைப் பழக்கம், பிள்ளை. அவன் இதைப் பாக்கிறானோ தெரியாது. நான் அங்க போய் இறங்கினாலும் என்னோட கதைப்பானோ தெரியாது."

லிஸ்ட்

ட்ராஃப்ட் லிஸ்டை எல்லாரும் பார்க்கட்டும் எண்டு பிரிண்ட் எடுத்துச் சுவரில ஒட்டுவன். அந்த நாளையில பொலிஸ்காரர் கடை கடையா வந்து செக் பண்ணுவினம். ஒருநாள் ஒரு சார்ஜன் வந்து சுவருக்கு முன்னால நிண்டார். பேர், வயசு, பக்கத்தில தெரிவு எண்டு கீறல். எல்லாம் இளம் வயசு. அந்தக் காலத்தில அப்பிடி ஒரு லிஸ்ட் எண்டால் இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிற லிஸ்ட் எண்டுதான் பொலிஸ் நினைக்கும். சிங்களமும் மறந்து தமிழும் மறந்து நிண்டன்.

நல்ல காலம், அன்ரன் இருந்தார். எல்லே சேர், இது எல்லே, கொம்பியூட்டர் எல்லே எண்டு சிங்களத்தில தொடங்கி, கையை மட்டையாக்கி வீசி, கடைக்குள்ள ஒரு ரவுண்ட் ஓடியும் காட்டினார். சார்ஜன் சிரிக்கேல்லை. லிஸ்டை முதலில இருந்து கடைசிவரைக்கும் விரல் வைச்சு வாசிச்சார். பிறகு என்னைப் பார்த்துச் சிங்களத்தில கேட்டார்.

"என்ன நோனா, இவ்வளவு பேரில எங்கட சிங்களப் பொடியன் ஒருத்தனும் இல்லையா?"

வலக்கையன்

அடுத்த வருசம் மட்டுவில் கத்தரிக்காய் கடைசி மூண்டுக்குள்ள வந்து, குலுக்கலில முதல் சொய்ஸும் விழுந்தது. லிஸ்டில மேலுக்கு அச்சா இடக்கை எறிகாரன் ஒருத்தன் இருந்தான். ஐயா அவன்ர பேரைச் சொல்லிச் சொல்லித் திரிஞ்சார். ட்ராஃப்ட் அங்க சனிக்கிழமை காலமை, எங்களுக்குப் பொழுதுபடுற நேரம். எல்லாரும் வந்திட்டினம், ஐயாவைக் காணேல்லை. கோயிலுக்குப் போய்ப் பிந்திப்போட்டாராக்கும் எண்டு இருந்தம். கொஞ்சம் பொறுங்கோ எண்டு மிஷினைக் கெஞ்சேலுமே? கமிஷனராம் கமிஷனர். மிஷின் தன்ர பாட்டுக்கு ஒருத்தனை எடுத்து ஐயாவின்ர டீமில போட்டுது. புள்ளிக் கணக்கில ஆகத் திறமானவன். வலக்கையன்.

உடனேயே ரெலிபோன் அடிச்சுது. எடுத்தால் சுதன். எத்தினை காலத்துக்குப் பிறகு! அப்பா எங்க எண்டு கேட்டான். பிந்திப்போட்டார் போல தம்பி எண்டன். அவன் என்னை முடிக்க விடேல்லை.

"அக்கா, நான் ஒவ்வொரு தரமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன், அப்பா வலக்கையனை எடுக்கமாட்டார், அவருக்கு என்னவோ நடந்திட்டுது!"

எல்லே நோனா

லொட்ஜுக்கு ஓடினம், நானும் அன்ரனும். மத்தியானம் பொலிஸ் சுத்திவளைப்பாம். ஐயாவையும் ஏத்திக்கொண்டு போயிட்டினமாம். லொட்ஜ் மனேஜர் கதவுக்குப் பின்னால நிண்டுதான் அதையும் சொன்னார். ஐயா லொட்ஜில தங்கப் பொலிசில பதிஞ்ச கொப்பியை அவரிட்ட வாங்கிக்கொண்டு பொலிசுக்குப் போனால், காலமை வாங்கோ எண்டு அனுப்பிப்போட்டினம். சுதன் விட்டு விட்டுக் கோல் எடுத்தான். நான் சாப்பிட்டியோ தம்பி எண்டு கேட்டுக்கொண்டிருந்தன்.

விடியப் போனால் வாசலில எங்களுக்கு முன்னமே பெரிய வரிசை. அழுத கண்ணோட தாய்மார். உள்ளுக்கு மேசையில இருந்து பேர், வயசு, ஊர் கேட்டுக் கேட்டு ஒவ்வொருத்தராய்ப் பிரிச்சுக்கொண்டிருந்தினம். எனக்கு ட்ராஃப்ட் எண்ட சொல்லே வெறுத்துப் போச்சு. எங்கட முறை வர, மேசைக்குப் பின்னால இருந்தது அந்தச் சார்ஜன். அன்ரன் வாயைத் திறக்கமுதல் அவர் என்னை அடையாளம் கண்டிட்டார். பதிவுக் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரியா இருந்தது. முதல் நாளும் சரியாத்தான் இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. ஐயாவைக் கூட்டிக்கொண்டு வரச்சொன்னார். வரிசையில நிண்ட தாய்மாரை என்னால நிமிந்து பார்க்கேலாமல் போச்சு.

"எல்லே நோனா, இந்தக் கிழவனை மைதானத்தில ஓட விடாத, விழுந்திடுவார்."

ஒப்பந்தம்

ஐயாவை லொட்ஜுக்கு விடேல்லை, நேர கடைக்குக் கூட்டிவந்தம். சேர்ட் கசங்கி, ஒரு கண்ணாடி துலைஞ்சு, மனுசன் ஒரு நாளில பத்து வயசு கூடிப்போய் இருந்தார். நான் ஊத்தின தேத்தண்ணியைக் கையில வைச்சபடி ட்ராஃப்டைப் பற்றித்தான் கேட்டார். சொன்னன். மூஞ்சி விழுந்து போச்சு. அந்த நேரம் ரெலிபோன் அடிச்சுது. நான் எடுத்து ரிசீவரை அவற்ற கையில குடுத்தன்.

ஐயா அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் காதில வைச்சார். பிறகு, "தம்பி, முதல் சொய்ஸ் எனக்குத்தானடா விழுந்தது, விட்டுப்போட்டன்" எண்டார். அங்கால அவன் குழறி அழுறது எனக்குக் கேட்டுது. இவரும் அழுதார். அன்ரன் சுவரில இருந்த லிஸ்டை வாசிக்கிறமாதிரி அங்கால திரும்பிக்கொண்டு நிண்டார். என்ர கண்ணும் கலங்கினதுதான், ஏன் பொய் சொல்லுவான்.

கதைச்சு முடிய, அந்த வலக்கையனை என்ன செய்யிறது ஐயா, திருப்பி அனுப்பிவிடவோ எண்டு கேட்டன். ஐயா மிச்சமிருந்த ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில அவன்ர பேரைத் தேடினார்.

"இல்லைப் பிள்ளை, எழுது ஒப்பந்தத்தை, என்ர பிள்ளையை என்னோட கதைக்க வைச்சவன் இவன்தானே!"

கமிஷனராய் இருந்த அவ்வளவு காலத்திலயும் சரியா நடந்ததெண்டு நான் நெஞ்சில கை வைச்சுச் சொல்லக்கூடிய ஆள் தெரிவு ஒண்டே ஒண்டுதான், அதையும் செய்தது மிஷின்.