வெள்ளைச் சப்பாத்துக்காரர்

மகளின் பள்ளியிலிருந்து சுற்றுலாவுக்கான சம்மதக் கடிதம் வந்திருக்கிறது. கண்டி, நுவரெலியா, இரண்டு நாள். கையெழுத்து வைப்பதற்கு முன் அவளை எதிரில் இருத்தி, முன்பின் தெரியாதவர்கள் ஏதும் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். இரண்டு வரி சொல்வதற்குள் நிறுத்திவிட்டேன். என் குரலில் என் அம்மா பேசிக்கொண்டிருந்தார். கடிதம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.

எனக்கு அப்போது எட்டு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சித்தி எங்களோடு தங்கியிருந்தார். கதவைத் தட்டுகிறவர் எவரானாலும் சந்தேகப்பட வேண்டிய போர்க் காலம் அது. அம்மா எனக்குச் சில விடைகளைப் பாடமாக்கியிருந்தார். அப்பா எங்கே என்று கேட்டால், உள்ளே குளிக்கிறார். சித்தி யார் என்று கேட்டால், கலியாணம் முடித்தவர், சித்தப்பா சவூதியில், அடுத்த மாதம் வருகிறார். உண்மையில் சித்திக்குக் கலியாணமே ஆகியிருக்கவில்லை; யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்த இளம்பெண் என்றால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். வாய்ப்பாட்டைவிட இவற்றை நான் தடுமாறாமல் சொல்வேன் என்பதில் அம்மாவுக்குப் பெருமை.

அந்த விடுமுறையில் அப்பா திடீரென்று தீவைச் சுற்றிக் காட்டும் மூன்று நாள் பஸ் பயணத்துக்கு எங்கள் பெயர்களைக் கொடுத்தார். காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போகவே கெஞ்சவைக்கிற மனிதர் அவர். அதுவே எனக்கு முதல் சந்தேகம். அருவி பார்க்கப் போகிற சித்திக்கு அம்மா மாம்பழ நிறச் சேலை உடுத்திவிட்டது இரண்டாவது. ஏன் என்று கேட்டேன்.

“வாயை மூடிக்கொண்டு ஏறு” என்றார் அம்மா.

வழிகாட்டி, கழுத்தில் விசில் தொங்கும் பருத்த மனிதர். எந்த அருவியைக் கண்டாலும் தன் கதையில் ஒரு காதல் ஜோடியை அதில் குதிக்கவைத்துவிடுவார். அவரையும் என்னால் நம்ப முடியவில்லை. காலில் வெள்ளைச் சப்பாத்து போட்ட ஒருவர், புறப்படும்போது தன் தாயோடு கடைசி வரிசையில் இருந்தார். கேகாலையில் தேநீர் குடித்துவிட்டு ஏறியபோது நடு வரிசைக்கு வந்திருந்தார். பேராதனை வந்தபோது எங்களுக்குப் பக்கத்து இருக்கை. “கொஞ்சம் மாறி இருங்கோ, எல்லாரும் யன்னல் பார்க்க வேணும்தானே” என்று ஒவ்வொரு முறையும் விசிலடித்து ஆட்களை மாற்றியவர் வழிகாட்டிதான்.

பேராதனைப் பூங்காவில் அந்தத் தாய் சித்தியின் கையைப் பிடித்து, மரத்தில் அறைந்திருந்த பெயர்ப்பலகையைக் காட்டினார். “பிள்ளை, கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். இதில என்ன எழுதியிருக்கு?”

சித்தி வாசித்தார். கண்ணாடி அந்த அம்மாவின் கழுத்திலேயே சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அம்மாவின் சேலையை இழுத்தேன். “அம்மா, அவ பொய் சொல்றா.” தொடையில் ஒரு நுள்ளு விழுந்தது.

பிறகு அந்தத் தாய் தன் பையைச் சித்தியிடம் கொடுத்துப் படியேறச் சொல்லி, பின்னால் நின்று நடையைப் பார்த்தார். அருவியடியில் மகனின் கமரா அருவியை விட்டுச் சித்தியின் பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்கள் சித்தியைப் பிடிக்க வந்தவர்கள். வழிகாட்டியும் கூட்டு. அம்மாவும் அப்பாவும் நன்றாக ஏமாந்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் நுவரெலியா வாவியில் எல்லோரும் படகுக்கு வரிசையில் நின்றபோது, வெள்ளைச் சப்பாத்துக்காரர் நான் இருந்த மர வாங்கில் வந்து அமர்ந்தார்.

“தங்கச்சி, டொபி வேணுமோ?”

“வேண்டாம். தெரியாத ஆக்களிட்ட வாங்கமாட்டன்.”

“கெட்டிக்காரிதான்.” சிரித்தார். “சித்தி வீட்டிலயும் இப்பிடித்தானோ? கதைக்கவே மாட்டாவோ?”

வந்துவிட்டது கேள்வி. நான் நிமிர்ந்து இருந்தேன். “சித்தி கலியாணம் முடிச்சவ. சித்தப்பா சவூதியில. அடுத்த மாசம் வாறார்.”

டொபி பிடித்த கை அப்படியே நின்றது. “அப்ப தாலிக்கொடி?”

இதற்கு அம்மா விடை தந்திருக்கவில்லை. நானே உண்டாக்கினேன். “பஸ்ஸில களவு போகும் எண்டு அம்மா கழட்டி வைச்சிருக்கிறா.”

அன்று மாலையே, தாய்க்கு வயிறு சரியில்லை என்று சொல்லி, அவர்கள் வான் ஒன்று பிடித்துக் கொழும்புக்குத் திரும்பினார்கள். மறுநாள் எல்ல, கதிர்காமம் என்று ஊரூராக இறங்கித் தென்கரை வழியாகப் பஸ் வந்தது. வழிகாட்டி ஓர் அருவியிலும் எவரையும் குதிக்கவைக்கவில்லை. நான் வென்றவளைப் போல யன்னலோரம் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, காவல் காப்பவர்கள் அதைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை என்பது என் எண்ணம்.

சில நாட்களில் வழிகாட்டி வீட்டுக்கு வந்தார். லண்டன் மாப்பிள்ளை வீட்டார் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். பஸ்ஸில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்பது அப்பாவும் வழிகாட்டியும் செய்த ஏற்பாடு. பிள்ளைகளின் வாய் சும்மா இருக்காது என்று எனக்கு மட்டும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசியது காதில் விழுந்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாப்பிள்ளை என்றால் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக வருபவர். அப்படி எவரும் பஸ்ஸில் இருக்கவில்லையே.

சாதகம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் காரணம் கேட்பது எங்களிடையே மரியாதையல்ல. ஆனால் சாதகம் பயணத்துக்கு முன்பே பொருந்தியிருந்தது. ஆகவே காரணத்தை வீட்டுக்குள் தேடினார்கள்.

“அந்த அருவியடியில நீ சிரிச்ச சிரிப்பு!” என்றார் அம்மா, சித்தியைப் பார்த்து. “பஸ் சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடக்கமில்லாத பெட்டை எண்டு நினைச்சிருப்பினம்.”

 சித்தி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உண்மையைச் சொல்லு குஞ்சு. நான் அவ்வளவு பலமாவோ சிரிச்சனான்?”

யோசித்துப் பார்த்தேன். வீட்டு ஆட்களிடம் பொய் சொல்லக்கூடாது என்பதும் அம்மா தந்த பாடம்தான். தூவானம் முகத்தில் அடித்தபோது சித்தி வாய்விட்டுத்தான் சிரித்தார்.

“ஓம் சித்தி. பெரிய சத்தமா.”

அதற்குப் பிறகு சிரிப்பு வந்தால் சித்தி கையால் வாயைப் பொத்திக்கொள்வார். பல்வலியாக்கும் என்று நினைத்து, ஒருநாள் குசினியிலிருந்து ஒரு கராம்பு எடுத்துப்போய்க் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.