தங்கையின் ஆறு யூரோ ஒயின்

அப்பா இறந்ததும் கர்ராஸ்கல் என்ற திராட்சைத் தோட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். வண்டிப்பாதையை ஒட்டிய நல்ல செம்மண் அனிசெத்தோவுக்கு வந்தது. மேட்டில் கல்லும் காட்டுத் தைம் என்ற வாசனைப் புதருமாகக் கிடந்த பாதி தங்கை கசில்டாவுக்கு. வலென்சியா நகரத்தில் வங்கி வேலை பார்த்தவள், அதை அண்ணனுக்கே விற்றுவிட்டுப் போவாள் என்றுதான் ஊர் நினைத்தது. அவளோ வேலையை விட்டுவிட்டு சொந்த ஊர்ப்பக்கமான மஞ்சுவேலாவுக்கே வந்து சேர்ந்தாள்.

அனிசெத்தோவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பதினாலு வயதில் கொடி வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்தவர், ஒரு அறுவடையைக்கூடத் தவறவிட்டதில்லை. அவருடைய கறுப்புத் திராட்சை கூட்டுறவு ஆலைக்குப் போய், நூறு பேருடைய திராட்சையோடு கலந்து, பேரில்லாத ஒயினாக லாரி ஏறி எங்கோ போய்விடும். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, தங்கை வரும்வரை.

கசில்டா மருந்தடிக்க மாட்டேன் என்றாள். கொடி வரிசைகளுக்கு நடுவே புல்லை வளரவிட்டாள். ஆடு மேய்க்கப் போகிறாயா என்று மதுக்கடையில் எல்லார் முன்னாலும் அவர் கேட்டார். அவளும் சேர்ந்து சிரித்தாள். மூன்றாம் வருஷம் இயற்கை விவசாயச் சான்று வந்தது. நாலாம் வருஷம் அவளுடைய ஒயின் புட்டியில் வந்தது. விலை ஆறே யூரோ. அல்பசேத்தே நகரத்திலிருந்து சாப்பாட்டுக்கடைக்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போனார்கள். புட்டியில் ஒட்டிய தாளில் பெரிதாகக் ‘கர்ராஸ்கல்’ என்றிருந்தது. அந்தப் பேர்தான் அவரைத் தின்றது. பாதித் தோட்டம் என்னுடையது, பேர் முழுக்க அவளுக்கா என்று மனைவி பௌலினாவிடம் புலம்பித் தீர்த்தார். ஒரு சொட்டுகூட வாயில் வைக்கவில்லை.

அடுத்த மே மாதம் ஒரு காலை, காற்று மேட்டுப்பக்கம் வீசிக்கொண்டிருந்தபோது, எல்லை ஓரமாகக் களைக்கொல்லி அடித்தார். காற்று அடங்கும்வரை காத்திருக்கலாம். அதுவரை எப்போதும் அப்படித்தான் செய்திருக்கிறார். அன்றைக்குக் காத்திருக்கவில்லை. பத்து நாளில் கசில்டாவின் ஓரத்து இரண்டு வரிசையிலும் இலைகள் மஞ்சளடித்துச் சுருண்டன. ஆய்வுக்கு வந்தவர் அந்த இரண்டையும் மூன்று வருஷத்துக்குச் சான்றிலிருந்து நீக்கிவிட்டுப் போனார். எல்லாம் காற்றின் வேலை என்று ஊரில் சொன்னாள் கசில்டா. அண்ணன் பேரை எடுக்கவில்லை. அவர் எதிர்பார்த்த சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம், முயல்கறிக் குழம்போடு கசில்டாவின் புட்டி ஒன்றையும் திறந்து வைத்தாள் பௌலினா. கேட்காமலே அவர் கோப்பையிலும் ஊற்றினாள்.

"அவ மேல கோவம்னா அவகிட்ட காட்டுங்க. ஒயின் என்ன பண்ணுச்சு?"

குறை கண்டுபிடிக்கத்தான் குடித்தார். முதலில் பழுத்த செர்ரியின் சாறு, பிறகு நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, விழுங்கிய பின்னும் போகாத தைம் வாசம். இன்னொரு வாய் குடித்தார். குறை கிடைக்கவில்லை. அதே அப்பா நட்ட கொடி, அதே மழை. இத்தனை வருஷத்தில் தன் திராட்சை ஒயினானால் எப்படி ருசிக்கும் என்று தனக்கே தெரியாதே என்பது அப்போதுதான் உறைத்தது.

கோப்பையை வைத்துவிட்டு நேரே தங்கையின் ஒயின் நிலவறைக்குப் போனார். அவள் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அது காத்து இல்ல, கசில்டா. நான்தான். தெரிஞ்சேதான் அடிச்சேன்."

அவள் தண்ணீரை நிறுத்தவில்லை. "தெரியும். மேட்டுல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் காத்துன்னு சொன்ன?"

"எங்கண்ணன் பொறாமையில கொடியக் கருக்கிட்டான்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. உனக்காக ஒண்ணும் இல்ல."

மன்னித்துவிடு என்றார். இப்போது முடியாது என்றாள். எல்லையை ஒட்டிய அவருடைய நாலு வரிசையில் இனி மருந்தடிக்கக் கூடாது என்று மட்டும் கேட்டாள். சரி என்று ஒப்புக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாலு வரிசையையும் மண்வெட்டியால் கொத்தினார். அடுத்த அறுவடையில் அந்தத் திராட்சையை ஆலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிழிந்து புளிக்கவைத்தார். காடியாகத்தான் வந்தது. கசில்டா ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினாள். பீப்பாயைக் கழுவிய லட்சணம் சரியில்லை, அடுத்த தடவை என்னைக் கூப்பிடு என்றாள்.

பொறாமை போய்விட்டதா என்று பௌலினா கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, பீப்பாயை உருட்டிக்கொண்டு முற்றத்துக் குழாயடிக்குப் போனார் அனிசெத்தோ.