அட்டை வீட்டுக்கு எந்தப் பசை

மே மாத லீவுக்கு ஊருக்குப் போகும்போது, திலக் நகரில் இருக்கும் என் மகளின் சிநேகிதி தன்னுடைய ஹாம்ஸ்டரை, அதுதான் செல்லமாக வளர்க்கிற எலி, கூண்டோடு எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். உள்ளங்கையில் அடங்குகிற உருவம், தேன் நிறம், வால் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். நாங்கள் இருப்பது தாராவியில். எலியை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பதற்கே பாதிப் பொழுது போகிற இடத்துக்கு, இது ஆட்டோவில் வந்து இறங்கியது.

என் வீட்டுக்காரரின் தங்கை பக்கத்து அறையில் குடியிருக்கிறாள். நானும் அவளும் சேர்ந்துதான் கல்யாண டிரைஃப்ரூட் டப்பா ஒட்டுகிறோம். கூண்டைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏ மைனி, போன வாரம் பொறியில விழுந்தத எங்க கொண்டுபோய் விட்ட? அது கோவிச்சுக்கிட்டு வக்கீல அனுப்பி வச்சிருக்கு பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவல் வாங்கின பாத்திரமாக இருந்தால் நசுங்கினாலும் புதிதாக வாங்கித் திருப்பிவிடலாம். இது உயிர். நான் இயல்பிலேயே பயந்தவள். கேஸை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்த பிறகு, சரியாகப் பார்த்தேனா என்று இன்னொரு முறை போவேன்.

மறுநாளே பயப்படுவதற்குச் சரியான காரணம் கிடைத்துவிட்டது. கூண்டுக்குள் இருந்த பிளாஸ்டிக் வீட்டின் வாசலை ஹாம்ஸ்டர்ப் பயல் கடித்துக் குதறியிருந்தான். மகள் மொபைலில் தேடிப் படித்துச் சொன்னாள்: பிளாஸ்டிக் துண்டை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளுமாம், உயிருக்கே ஆபத்தாம். நான் உடனே அந்த வீட்டை வெளியே எடுத்துவிட்டேன். அவன் நான்கு பக்கமும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தான். ஒளிந்துகொள்ள இடம் இல்லாவிட்டால் பயந்தே மெலிந்துவிடுமாம். அதையும் மகள்தான் படித்தாள்.

"மம்மி, நாமளே வீடு செஞ்சிரலாமே. இந்த வீட்ல அட்டைக்கா பஞ்சம்?"

ஏழாவதோடு நின்ற எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒன்று உண்டென்றால், அது அட்டையை வெட்டி மடித்து ஒட்டுவதுதான். ஆனால் டப்பா செய்வது வேறு, கடித்துத் தின்பவனுக்கு வீடு செய்வது வேறு என்று உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. தங்க நிறத் தாள் ஒட்டிய அட்டை மினுமினுவென்று இருந்தது. அந்த மினுக்குக்குள் என்ன இருக்கிறதோ, வேண்டாம். அச்சடித்த அட்டையில் மை. ஸ்டேப்ளர் பின் வாயைக் கிழிக்கும். செல்லோடேப் குடலுக்குள் போகும். தெர்மோகோல் என்ற பேச்சே கூடாது. நாத்தனார் அவள் பங்குக்குப் பழைய தலையணையைப் பிரித்து ஒரு கை பஞ்சு கொண்டுவந்தாள்.

"படுக்க மெத்துனு இருக்கும்லா?"

"அத்தே, காட்டன் நஹி! நூலு கால்ல சுத்திக்கிட்டா ரத்தம் ஓடாதாம்" என்று மகள் மொபைலை நீட்டினாள்.

"ஏட்டி, எனக்கே இந்தத் தலகாணிய ரெண்டு வருசமா மாத்தல. உங்க துரைக்கு இது ஆகாதாக்கும்?"

கடைசியில் அச்சு இல்லாத பழுப்பு அட்டையை எடுத்தேன். படுக்கைக்கு, வாசனை போடாத வெள்ளை டிஷ்யூ தாளைக் கிழித்து வைத்தோம். நுழைந்து விளையாட, ஜவுளிக்கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாயை வெட்டினேன். ஒட்டுவதற்கு எங்கள் வழக்கமான மைதாப் பசை. டப்பாவில் வருகிற பசைகளை நான் நம்பவில்லை. மைதாவும் தண்ணீரும்தானே, தின்றால் ரொட்டி தின்ற மாதிரி என்று எனக்கு ஒரு பெருமிதம்கூட. தனிப் பாத்திரத்தில் புதிதாகக் காய்ச்சினேன். மாடி, படிக்கட்டு, ஜன்னல் எல்லாம் வைத்து ஒட்டி, ஃபேன் காற்றில் காயவைத்தேன்.

சாயங்காலம் மகள் வீட்டைத் தூக்கிக் கூண்டுக்குள் வைக்கப் போனாள். அப்போது என் கண் பசைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போனது. அங்கே மயில்துத்த டப்பா இருந்தது, மூடி திறந்தபடி.

டப்பா ஒட்டுகிறவர்கள் எல்லோர் வீட்டிலும் இந்த நீலப் பொடி இருக்கும். இங்கே கடைகளில் நீலா தோத்தா என்று கேட்டால்தான் தருவார்கள். பசை கொதிக்கும்போது ஒரு சிட்டிகை போட்டால் கரப்பான் டப்பாவை அரிக்காது. சுத்த விஷம். அதை யாரும் யோசித்துப் போடுவதில்லை. குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி கை தானாகப் போகும். என் கை போனதா? எனக்கு ஞாபகமே இல்லை.

"வைக்காத, வைக்காத! எடு!"

மகள் பதறி வீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இப்ப என்ன மம்மி? நீ எதுக்கெடுத்தாலும் டென்ஷன் எடுக்கிற!"

"பசையில துத்தம் போட்டனா இல்லையான்னு தெரியலட்டி."

மிச்சப் பசையை டியூப்லைட்டுக்குக் கீழே தூக்கிப் பார்த்தேன். நீலம் தெரிகிற மாதிரி இருந்தது. சாய்த்தால் வெள்ளையாகத் தெரிந்தது. நாத்தனாரும் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்கு மைனி லைட்டு? கரப்பான்ட்ட கேளு. அது பொய் சொல்லாது."

கேலியாகத்தான் சொன்னாள். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. துத்தம் போடாமல் கொஞ்சம் பசை காய்ச்சி ஓர் அட்டைத் துண்டில் தடவினேன். சந்தேகப் பசையை இன்னொன்றில் தடவினேன். இரண்டையும் சிலிண்டருக்குப் பின்னால், கரப்பான் நடமாடுகிற இடத்தில் வைத்தேன். அன்றைக்கு மட்டும் அவனுக்குத் துணி சுற்றி வருகிற அந்தக் குழாய்தான் படுக்கையறை. அதில் என் பசை எதுவும் படவில்லை. கரப்பானை வெருட்டியே வாழ்ந்த நான், படுக்கப் போகும்போது அதை வரச் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

காலையில் மூன்று பேரும் சிலிண்டருக்கு முன்னால் குனிந்து நின்றோம். புதுப் பசை தடவிய அட்டையின் ஓரமெல்லாம் பல் பல்லாக அரித்திருந்தது. மற்றதை ஒரு கரப்பான்கூடத் தொடவில்லை.

துத்தம் போட்டுத்தான் இருக்கிறேன். கூண்டில் அவன் அசைகிறானா என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரே சந்தோஷம். எத்தனை வருடங்களாகப் பயப்படுகிறேன்! ஒரு தடவையாவது பயந்தது சரியாக இருந்ததே! நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தேன். அவள் மேலே ஃபேனைப் பார்த்தாள்.

மாடி வீட்டைக் கிழித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன்.

"எதுக்கு மைனி இந்தக் கட்டு கட்டுத?"

"தெரு எலி தின்னுட்டா?"

"தின்னா நல்லதுலா!"

மறுபடி பசை காய்ச்ச உட்கார்ந்தபோது, மகள் துத்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்க் காவல் உட்கார்ந்தாள். அதை அங்கே வைக்காதே, உயர வை, கை கழுவு, சோப்புப் போட்டுக் கழுவு என்று நான் இங்கிருந்து கத்த, பசை அடிப்பிடித்தது. அடுத்த தடவை சரியாக வந்தது. இந்த முறை மாடி இல்லை. ஒற்றை அறை, பெரிய வாசல். முடிந்தவரை அட்டையை மடித்துச் செருகி, பசை தேவைப்பட்ட இடத்தில் மட்டும் தொட்டு வைத்தேன்.

நன்றாகக் காய்ந்த பிறகு கூண்டுக்குள் வைத்தோம். அவன் வாசலை மோந்து பார்த்தான். உள்ளே போனான். டிஷ்யூவைக் கன்னத்தில் அடைத்து அடைத்து மூலைக்குக் கொண்டுபோனான். பிறகு வெளியே தலையை நீட்டி, நான் கண்ணளவில் பார்த்துப் பார்த்து வெட்டிய நிலைப்படியைக் கரகரவென்று கடிக்கத் தொடங்கினான்.

"உன் டப்பாவுக்கு இப்படி ஒரு கிராக்கி வந்ததே இல்ல மைனி. எல்லாரும் பாதாமைத் தின்னுட்டு டப்பாவத் தூக்கிப் போடுவாவ. இவன் டப்பாவையே தின்னுதான்."

இரண்டு நாளில் ஒரு சுவர் போயிற்று. நான் அவன் சாப்பிடுகிறானா, ஓடுகிறானா, புழுக்கை போடுகிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்காம் நாள் மகள் கூண்டைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே கூரை மட்டும் கிடந்தது. அதன் அடியிலிருந்து ஒரு மூக்கு அசைந்தது.

"மம்மி, வீடு காலி. இந்தத் தடவ மாடி வைப்பியா?"

நான் பழுப்பு அட்டையை எடுத்தேன். துத்த டப்பா எங்கே என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அலமாரிக்கு மேலேதான் இருக்கிறது என்று தெரிந்தும், எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, மாடிக்கு அளவெடுத்தேன்.