முன்கூட்டிப் போட்ட கையெழுத்து

எங்கள் கல்லூரியில் ஜனவரி கடைசி வாரம் கையெழுத்து வாரம். எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஏப்ரலில்தான் ஆய்வேடு கொடுப்பார்கள். ஆனால் அதில் முதல் பக்கமாக வைக்கிற சான்றிதழ்த் தாளில் வழிகாட்டி, துறைத் தலைவர், முதல்வர் என்று மூன்று பேர் கையெழுத்து வேண்டும். முதல்வர் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். மார்ச் வந்துவிட்டால் புனேயில் இருக்கிற அத்தனை கல்லூரி வேலையும் பைண்டிங் கடைக்காரர் தலையில் வந்து விழும். அதனால் தாளில் மட்டும் முதலிலேயே கையெழுத்து வாங்கி அவரிடம் கொடுத்து வைத்துவிடுவது எங்கள் துறையின் பழக்கம். "இந்த ஆய்வு என் நேரடி மேற்பார்வையில் இம்மாணவரால் செய்யப்பட்டது" என்று அதில் அச்சடித்திருக்கும். செய்யப்பட்டது என்று நான் உறுதி சொல்கிற அன்றைக்கு ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்காது. இருபத்திரண்டு வருஷம் இப்படிப் போட்டிருக்கிறேன். ஒரு நாளாவது உறுத்தியதா என்றால், இல்லை.

போன வருஷம் அப்படிப் போட்ட பதினெட்டுக் கையெழுத்தில் ஒன்று, பிறந்து ஐந்து வாரமே ஆன ஒரு குழந்தையின் பால்புட்டி வரைக்கும் போய்விட்டது.

நான் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறவள். புனேயில் கட்கிப் பகுதியில் வீடு. என்னுடைய கோபம் துறையில் பிரசித்தம். பிள்ளைகள் என்னைப் பார்த்தால் வராந்தாவில் ஓரமாக நடப்பார்கள். அந்தக் கோபத்தால்தான் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

ஆய்வகத்தில் யூ.வி. கருவி என்று ஒன்று இருக்கிறது. தண்ணீருக்குள் ஒளியை விட்டு, அதில் எவ்வளவு நைட்ரேட் இருக்கிறது என்று சொல்லும். அதனுடைய விளக்கு தீபாவளி விடுமுறையின்போது போய்விட்டது. புது விளக்கு கேட்டு அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதினேன். நான்கும் எங்கே போயினவோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். கருவியின் மேல் ஒரு பச்சைத் துணியைப் போர்த்தி, வேலை செய்யாது என்று ஒரு அட்டையும் ஒட்டிவைத்தேன். ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று, மார்ச்சும் போயிற்று. "மேம், மெஷின் எப்ப ரெடியாகும்?" என்று ஒரு பிள்ளைகூட வந்து கேட்கவில்லை. அப்போதாவது எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? வேறு எங்காவது போய் அளந்துகொள்கிறார்கள்போல என்று நினைத்தேன். சத்தியமாகச் சொன்னால், அதைக்கூட நினைக்கவில்லை. நிம்மதியாக இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு அந்த வருஷம் வந்த பிள்ளைகளில் ஒருத்தி தமிழ்ப் பெண். கோயம்புத்தூர்க் குடும்பம், அப்பா ஐ.டி. வேலைக்காக இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கடக்வாஸ்லா அணைக்குப் போகிற வழியில் ஒரு புது அடுக்குமாடியில் வீடு. தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவாள், ஆனால் என்னைப் பார்த்தால் விடாமல் தமிழில்தான் பேசுவாள். மரியாதையான பெண். தன் குடியிருப்பின் போர்வெல் தண்ணீரைத்தான் ஆய்வுக்கு எடுத்திருந்தாள். அணை அங்கே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கத்துக் கட்டிடங்களுக்கெல்லாம் டேங்கர் தண்ணீர்தான்.

ஏப்ரல் கடைசியில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கைப்பேசியைப் பார்த்துக் கேள்வி கேட்டார். அவள் சரளமாகப் பதில் சொன்னாள். கேள்வியும் பதிலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. நடுவில் நானும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. நைட்ரேட் அட்டவணையைத் தட்டிக் காட்டி, "வெரி நீட் டேட்டா" என்று மனிதர் பாராட்டினார். அவளுக்குத்தான் துறையில் முதல் மதிப்பெண். முனைவர் பட்டப் படிப்புக்கு நல்ல இடமாகப் பார்த்து விண்ணப்பித்தாள். பரிந்துரைக் கடிதம் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் நடுவில் அவளுடைய அம்மா எனக்கு ஃபோன் செய்தார்.

"மேடம், உங்க புண்ணியத்துல டேங்கர் தொல்லை ஒழிஞ்சுதுங்க. எங்க சின்னவளோட ரிப்போர்ட்டப் பாத்துட்டுத்தானுங்க கமிட்டில போர் தண்ணியே போதும்னு முடிவு பண்ணுனாங்க. உங்க கையெழுத்து இருக்குதுல்ல! நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க. அப்புறம், பெரியவ பெங்களூர்ல இருந்து பிரசவத்துக்கு வந்தாளுங்க. பையன். ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போகோணும்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையில்தான் அலமாரியிலிருந்து ஆய்வேட்டை எடுத்து, முதல்முறையாக உட்கார்ந்து படித்தேன். நாற்பத்தோராம் பக்கம், நைட்ரேட் அட்டவணை. அளந்த கருவி: துறை ஆய்வகத்தின் யூ.வி. அளந்த மாதம்: பிப்ரவரி.

பிப்ரவரியில் அந்தக் கருவி பச்சைத் துணிக்குள் செத்துக் கிடந்தது.

மீதிப் பதினேழையும் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். பத்துப் பேர் அதே கருவியில் அளந்திருந்தார்கள். நதித் தண்ணீர், பால், காய்கறி, மண் என்று என்னென்னவோ. எல்லா எண்களும் அழகாக, நம்பும்படியாக, அங்கங்கே கொஞ்சம் பிசகோடுகூட இருந்தன. விளக்கே இல்லாமல் ஒரு துறை நான்கு மாதம் அளந்திருக்கிறது, தேர்வு நடத்தியிருக்கிறது, பட்டமும் கொடுத்துவிட்டது. கருவி இருந்தாலென்ன, போனாலென்ன என்றாகிவிட்டால் நாளைக்கு நான் மட்டும் எதற்கு? என் வாழ்நாளில் முதல்முறையாக என்னுடைய வேலையை நினைத்துப் பயந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பஸ் பிடித்தேன். மழை பிடித்துக்கொண்டது. குடியிருப்பின் வாசலிலேயே நோட்டீஸ் போர்டு. சான்றிதழ்த் தாளையும் அட்டவணையையும் ஒரே தாளில் ஜெராக்ஸ் எடுத்து, கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். என் கையெழுத்தை நானே அண்ணாந்து பார்த்துவிட்டு மாடி ஏறினேன்.

"வாங்க வாங்க! மழைல நனைஞ்சுட்டீங்களே, சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பமுங்களே" என்று அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தார். உட்கார்ந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரும் டம்ளரும் வந்தன. இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர்தான் வரும். டம்ளரைக் கையில் வாங்கினேன். குடிக்க முடியவில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை. என் மாணவி எதிரே நாற்காலியின் பின்னால் நின்றபடி டம்ளரையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதற்குள் பெரிய பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் பால்புட்டி.

"அவளுக்குப் பால் பத்தலைங்க. டாக்டர் பவுடர் பால் குடுக்கச் சொன்னார்" என்றார் அம்மா.

"எந்தத் தண்ணியில கரைக்கறீங்க?"

"போர் தண்ணிதானுங்க. ஃபில்டர்ல புடிச்சு, அப்புறம் நல்லாக் கொதிக்கவெச்சுத்தான் குடுக்கறமுங்க. ரெண்டு தடவை கொதிக்கவெப்பேன்."

அந்த ஃபில்டர் கிருமியைத்தான் கொல்லும். நைட்ரேட் ஓர் உப்பு. கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் சுண்டும், உப்பு அப்படியே தங்கும். இரண்டு தடவை கொதித்தால் இன்னும் அடர்த்தியாகும். பெரியவர்களை அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும், உதடு நீலம் பாயும். வருஷா வருஷம் இதை நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த வீட்டுச் சின்னப் பெண்ணுக்கும்தான் சொல்லிக் கொடுத்தேன்.

குழந்தையின் முகத்தைக் குனிந்து பார்த்தேன். மழை இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

"லைட்டைப் போடுங்க."

"உதடு கொஞ்சம் கருத்தாப்பல இருக்குதுங்க. அவங்கப்பா கலரு" என்று சிரித்தார் அம்மா.

நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். "அம்மா, அந்தப் பாலைக் குடுக்காதீங்க. கொட்டுங்க. குழந்தையை இப்பவே டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போகணும். போர் தண்ணிய யாரும் அளக்கவே இல்லை. அந்த ரிப்போர்ட் பொய்."

அம்மா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு பெரிய பெண்ணின் மடியிலிருந்து புட்டியைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் மாணவியின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"கம்ப்யூட்டர்கிட்ட கேட்டு எழுதுனியா? சொந்த வீட்டுத் தண்ணிக்கு? உனக்கு அறிவு இருக்கா?"

"டேட்டா வேணும்னு சொன்னேன் மேம். ரியலிஸ்டிக்கா வேணும்னு சொன்னேன். அது குடுத்துச்சு."

"அப்புறம் கமிட்டிக்கு ஏன் குடுத்தே?"

"கேட்டாங்க மேம். நானே அதை... நம்பிட்டேன். நானும் அந்தத் தண்ணிதான் குடிக்கறேன். ரிப்போர்ட்ல நல்லாருக்குன்னு இருந்துச்சு. பைண்ட் பண்ணி, கோல்ட் லெட்டர்ஸ் போட்டு... சரியா இருக்கும்னு தோணுச்சு." அவள் அழுதாள். பொய்யழுகை இல்லை.

"மெஷின் ரிப்பேர்னு கூடத் தெரியாம எழுதியிருக்கியே! ஒரு நாளாவது லேபுக்கு வந்தியா?"

"வரல மேம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஆனா நீங்க ஜனவரிலயே சைன் பண்ணிட்டீங்க. நான் மார்ச்லதான் எழுத ஆரம்பிச்சேன்."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாள். பிடித்த கையை விட்டுவிட்டேன்.

குழந்தையை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கஷ்டம் என்றார். நல்லவேளை, தேறிவிட்டான். தண்ணீரை வெளியே வேறொரு ஆய்வகத்தில் கொடுத்து அளந்தேன். நைட்ரேட் இருக்கவேண்டிய அளவுக்கு மேல் எங்கேயோ இருந்தது. குடியிருப்பின் செயலாளரைப் பார்த்து, கண்ணாடியைத் திறக்கச் சொல்லி, தாளை நானே எடுத்தேன். டேங்கர் திரும்பவும் வந்தது. அந்த அம்மா அப்புறம் என்னிடம் பேசுவதில்லை. அது நியாயம்தான்.

கல்லூரியில் துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, "காஹி நாஹி ஹோத், மேடம்" என்றார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். ரிசல்ட் வந்தாயிற்று, இனி கிளறினால் பதினெட்டுப் பிள்ளைகளின் பட்டமும் போகும், துறையும் போகும் என்றார். என் மாணவி ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். என்னுடைய பரிந்துரைக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன், இரண்டு முறையும் எழுதவில்லை. என் கடிதம் பொய் என்றால் என் சான்றிதழும் பொய் என்று எழுத வேண்டும். எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. கோழைத்தனம்தான், வேறென்ன? இன்னும் சில வருஷத்தில் அவளும் டாக்டர் பட்டத்தோடு ஒரு ஜனவரியில் மேஜை முன்னால் உட்கார்ந்து இதே தாளில் கையெழுத்துப் போடுவாள். அவள் முன்னால் நிற்கப் போகிற பிள்ளை எப்படிப்பட்டதாக இருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இந்த ஜனவரியில் தாள்கள் வந்தபோது, படிக்காமல் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் சண்டை போடவில்லை. வழிகாட்டி என்ற இடத்தில் துறைத் தலைவரே போட்டார், தாள்கள் நேரத்துக்குப் பைண்டிங் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. விளக்கு இன்னும் வரவில்லை. துணியை எடுத்துவிட்டேன், யாராவது கேட்பார்களா பார்க்கலாம் என்று.

திரும்பவும் மழைக்காலம் வந்துவிட்டது. போன வாரம் தேர்வு வேலையாகக் கடக்வாஸ்லா பக்கம் போக வேண்டியிருந்தது. பஸ் நின்ற இடத்தில் மழைக்கு ஒதுங்கலாம் என்று ஒரு குடியிருப்பின் வாசலுக்குள் நுழைந்தேன். நான் போன வருஷம் போன கட்டிடம் இல்லை, அதைத் தாண்டி நான்காவதோ ஐந்தாவதோ. அங்கேயும் நோட்டீஸ் போர்டு, அங்கேயும் அதே தாள். யார் எடுத்த படமோ, எத்தனை கைப்பேசி மாறி வந்ததோ! எண்களெல்லாம் மங்கி, மூன்றா எட்டா என்று தெரியவில்லை. கட்டிடத்தின் பெயரை அடித்துவிட்டு, இவர்கள் கட்டிடத்தின் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். என் கையெழுத்து மட்டும் சுத்தமாக விழுந்திருந்தது.

பிய்த்து எடுத்தேன். வாட்ச்மேன் குடையோடு ஓடிவந்து, "தும்ஹி கோண்?" என்று அதட்டினார். யார் நீங்கள்?

தாளை அவர் பக்கம் திருப்பி, அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.